ஆறின கொப்புளம் மறுபடி வருதா?

தாடையில், தொடையில், மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னதாய்ச் சீழ்க் கொப்புளங்கள். களிம்பு தடவினால் அமுங்கும். அடுத்த மாதம் மறுபடி ஆஜர்! 'உடம்புச் சூடுதான்' என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறீர்களா? எண்ணெய் மயிர்க்கால்களை அடைத்து இன்னும் கெடுத்துவிடும்.

பெரும்பாலும் காரணம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. சுமார் 10 பேரில் 3 பேருக்கு இது மூக்குக்குள்ளேயே குடியிருக்கிறது. மூக்கை நோண்டின விரல் தாடையில் பட்டால் போதுமே! அதனால்தான் அடிக்கடி வருபவர்களுக்கு, மூக்கின் உள்பக்கம் தடவ மியூபிரோசின் களிம்பை 5 நாளைக்கு டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். நீங்களாக வாங்கித் தடவாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டவே வேண்டாம். சிவப்பு மறையும், கிருமி வளரும்.

கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள். ஆறும்வரை ஷேவிங்குக்கு லீவு. துண்டும் ரேசரும் அவரவருக்குத் தனி. அப்பா ரேசரைப் பிள்ளை எடுப்பது நம் வீடுகளில் சகஜம்! ரத்தத்தில் சர்க்கரையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.