ஹீட்டர் போட்டால் டிரிப் ஆகிறதே!

கேள்வி: குளியலறையில் 3 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் வைத்திருக்கிறோம். கொஞ்ச நாளாக, போட்டால் டிரிப் ஆகிவிடுகிறது. பெரிய பிரேக்கர் மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மாட்டலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டவே வேண்டாம். பிரேக்கர் காப்பது ஹீட்டரை அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரை. ஒயரை மாற்றாமல் பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால், டிரிப் ஆவதற்கு முன்பே ஒயர் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

விழுவது எது என்று முதலில் பாருங்கள். 'டெஸ்ட்' பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி. என்றால் மின்கசிவு. வீடுகளில் பொருத்துவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் வகை. போர்வெல் உப்புத் தண்ணீர் காயிலின் மேலுறையை அரித்து, ஈரம் உள்ளே இறங்கியிருக்கலாம். அப்படியானால் காயிலை மாற்றுவதுதான் வழி.

சாதாரண பிரேக்கரான எம்.சி.பி. விழுகிறதா? போட்ட நொடியே என்றால் ஷார்ட் சர்க்யூட். சில நிமிடம் கழித்து என்றால் ஓவர்லோடு அல்லது லூஸ் கனெக்‌ஷன். உங்கள் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிரேக்கர் அதைத் தாங்கும். அதே லைனில் வாஷிங் மெஷினும் ஓடினால் தாங்காது. பிளக் கருகியிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

பிளக்கைக் கழற்றிவிட்டு பிரேக்கரைப் போடுங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு ஒயரிங்கில். நின்றால் பெரும்பாலும் ஹீட்டரில். மற்றதை எலெக்ட்ரீஷியன் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வைத்துச் சோதிக்கட்டும். அதுவரை ஹீட்டரைப் போடாதீர்கள். டிரிப் ஆகாமலிருக்க எர்த் ஒயரைக் கழற்றிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.