புல்லுக்கும் ஓய்வு வேண்டும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடிப் பக்கம் போகும்போது காலி மனைகளில் மாடுகள் மேய்வதைக் கண்டால், சற்று நின்று தரையைக் கவனியுங்கள். நாள்தோறும் மாடு மேயும் இடத்தில் புல் தரையோடு ஒட்டிக் கிடக்கும். எருக்கு போன்ற மாடு தொடாத செடிகளே நிமிர்ந்து நிற்கும். சுவர் எழுப்பிய மனையிலோ புல் முழங்கால் உயரம் வளர்ந்து, அடியில் பழுத்துக் காய்ந்திருக்கும். இவ்விரண்டுமே கறவை மாட்டுக்கு நல்ல மேய்ச்சல் அல்ல. காரணம் என்ன?

புல்லின் சூட்சுமம்

பெரும்பாலான செடிகள் நுனியில் வளர்கின்றன. நுனியைக் கிள்ளினால் அந்தக் கிளையின் வளர்ச்சி நின்றுவிடும். புல்லின் இலையோ அடிப்பகுதியிலிருந்து நீளுகிறது. ஆகவே மாடு மேலே கடித்தாலும் புல் மீண்டும் தழைக்கிறது.

ஆனால் தழைப்பதற்கு உணவு வேண்டும் அல்லவா? உணவு தயாரிக்கும் தொழிற்சாலை இலைதான். இலை போய்விட்டால், தண்டின் அடியிலும் வேரிலும் சேமித்த மாவுப்பொருளைச் செலவழித்தே புல் முதல் இலையை விடுகிறது. அந்தச் சேமிப்பு ஈடாகும் முன்பே மாடு மறுபடியும் கடித்தால், புல் கடனாளியாகிறது. அமெரிக்க ஆய்வாளர் கிரைடர் 1955-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலையில் பாதிக்கு மேல் வெட்டப்பட்டால் வேரின் வளர்ச்சியே சில நாட்கள் நின்றுவிடுகிறது. வேர் குறுகிய புல் கோடையில் நீர் எடுக்க முடியாமல் கருகுகிறது. அதன் இடத்தைக் களைகள் பிடித்துக்கொள்கின்றன.

மேயாமல் விட்டால்?

அதுவும் நன்றன்று. மேல் இலைகளின் நிழலில் கீழ் இலைகள் மஞ்சளாகி மடிகின்றன. புல் பூத்து முற்றும்போது புரதம் குறைந்து, நாரும் லிக்னினும் மிகுகின்றன. இத்தகைய புல்லை மாடு குறைவாகத் தின்னும், தின்றதும் எளிதில் செரிக்காது, பாலும் குறையும்.

மாட்டின் எண்ணிக்கையிலும் ஒரு கணக்கு உண்டு. மாடுகளைக் கூட்டினால் ஒரு மாடு தரும் பால் சிறிது குறைந்தாலும், ஓர் ஏக்கரில் கிடைக்கும் மொத்தப் பால் முதலில் கூடும். ஓர் எல்லையைத் தாண்டினால் இரண்டுமே சரியும்.

எண்ணிக்கை மட்டுமன்று, காலமும் முக்கியம் என்று வற்புறுத்தியவர் பிரான்ஸ் நாட்டு ஆந்த்ரே வாசேன். 1957-இல் வெளியான நூலில் அவர் சொன்ன கருத்து இதுவே: கடிபட்ட புல் மீண்டும் தேறும்வரை மாடு அங்கே திரும்பக் கூடாது. ஒரே மாடானாலும், ஓரிடத்திலேயே நெடுநாள் விட்டால், இளந்தளிரைத் தேடித் தேடிக் கடித்து நல்ல புல்லை அழித்துவிடும்.

கொங்கு நாட்டுக் கொறங்காடு

இந்த அறிவு நம் மண்ணிலும் உண்டு. காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் ‘கொறங்காடு’ எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. மழை குறைந்த வட்டாரம் அது. முட்கிளுவையால் உயிர்வேலி அமைத்து, நிலத்தைத் தனித்தனிக் காடுகளாகப் பிரித்திருக்கிறார்கள். உள்ளே வறட்சியைத் தாங்கும் கொழுக்கட்டைப் புல். மேலே வெள்வேல மரம். கோடையில் வெள்வேலங் காய்களும் தீவனமாகும். காங்கேயம் மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் இங்கே மேய்கின்றன. ஒரு காட்டில் புல் குறைந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். முதல் காடு ஓய்வு பெறும். வேலி மாட்டை மட்டும் காப்பதில்லை, புல்லையும் காக்கிறது!

செய்து பாருங்கள்

கம்பும் புல் இனமே. மூன்று தொட்டிகளில் ஒரே அளவு மண் இட்டு, ஒரே எண்ணிக்கையில் கம்பு விதையுங்கள். மூன்று வாரம் கழித்து, முதல் தொட்டியை நான்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு விரற்கடை உயரத்துக்கு வெட்டுங்கள். இரண்டாவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். மூன்றாவதைத் தொடாதீர்கள். வெட்டியதை ஒவ்வொரு முறையும் உலர்த்தி எடை போட்டுக் குறித்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து மூன்றாம் தொட்டியையும் வெட்டி எடை போடுங்கள். பின்னர் மூன்றின் வேர்களையும் கழுவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எந்தத் தொட்டி மிகுந்த தழை தந்தது? எதன் தழை மென்மையானது? எதன் வேர் குட்டை? விடை கிடைத்ததும், வேலப்பன்சாவடி மனையின் தரையை மறுபடியும் போய்ப் பாருங்கள். மண்ணுக்கு அடியில் நடப்பதும் இப்போது உங்களுக்குப் புரியும்.