சகோதரக் கழகத்துக்கு ஒரு வீடு

அல்சூர் ஏரிக்கு அருகில் உள்ள நமது மர்பி டவுனுக்கு முன்னாளில் நாக்ஸ்பேட் என்று பெயர். கன்டோன்மென்ட் பொறியாளராக இருந்த மர்பி என்பவரின் பெயரால் இன்றைய பெயர் வழங்குகிறது. பட்டாளத்து வேலைக்கும், பட்டாளத்தைச் சார்ந்த மற்ற வேலைகளுக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் வேரூன்றின. ஒரு கூட்டத்தாருக்கு நிலையான வீடு அமைந்துவிட்டால் அவர்களுடைய பேச்சு, பழக்கம், உறவு எல்லாமே மாறும் என்பதற்கு இந்தப் பேட்டையே சான்று. குடியிருப்பு அமைந்த பிறகுதானே மன்றங்களும் கோயில் விழாக்களும் நம்மிடையே வளர்ந்தன?

இந்தக் கட்டுரை நம் பேட்டையைப் பற்றியது அன்று. அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஃப்ரெட்டர்னிட்டி' என்று அழைக்கப்படும் மாணவர் சங்கங்களையும், அவை புது வீட்டுக்குக் குடிபோகும்போது எழும் கேள்விகளையும் பற்றியது. இதை எழுதக் காரணம் உண்டு. என் தங்கையின் பேரன் அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கிறான். அவன் நண்பர்கள் இருக்கும் அத்தகைய சங்கம் ஒன்று புது வீடு எடுத்திருக்கிறது. அவனையும் அங்கே வந்து தங்கச் சொல்கிறார்கள். "தாத்தா, அம்மாவுக்கு இது என்னவென்றே புரியவில்லை. நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்று எனக்கு எழுதினான். அது ஹாஸ்டலா, கட்சி அலுவலகமா, மடமா என்று அவன் அம்மா என்னையும் கேட்டாள். ஆசிரியத் தொழிலில் காலம் கழித்தவன் ஆகையால், படித்துப் பார்த்து விளக்குவது என் கடமை என்று எண்ணினேன். நம் அன்பர்கள் பலர் வீட்டிலும் இதே கேள்வி எழக்கூடும்.

சங்கம் எப்படித் தோன்றியது?

இலத்தீன் மொழியில் 'ஃப்ராட்டர்' என்றால் சகோதரன். எனவே ஃப்ரெட்டர்னிட்டி என்பதைச் 'சகோதரக் கழகம்' எனலாம். பெண்களுக்கான கழகங்களும் தனியே உண்டு. பெரும்பாலான கழகங்களுக்கு இரண்டு அல்லது மூன்று கிரேக்க எழுத்துக்களே பெயர். 1776ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கப்பட்ட 'ஃபை பீட்டா கப்பா' இவ்வழக்கத்துக்கு முன்னோடி. அது பின்னர், படிப்பில் சிறந்தவர்களைப் பெருமைப்படுத்தும் அமைப்பாக மாறிவிட்டது. இன்று நாம் காணும் சகோதரக் கழகங்களின் வம்சம் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் 1825 முதல் 1827 வரையான ஆண்டுகளில் தோன்றிய மூன்று கழகங்களிலிருந்து தொடங்குகிறது.

ஒரு கழகத்துக்குப் பல கல்லூரிகளில் கிளைகள் இருக்கும். புதிதாகச் சேர விரும்புவோரை மூத்தவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். சில வாரங்கள் பயிற்சிக் காலம், பிறகு உறுதிமொழி, அதன்பின் உறுப்பினர். பட்டம் பெற்றுச் சென்ற பிறகும் அந்த உறவு தொடரும். வேலை தேடும்போது முன்னாள் உறுப்பினர் கைகொடுப்பதும் வழக்கம்.

ஆரம்பத்தில் இவற்றுக்கு வீடு கிடையாது. யாராவது ஒருவரின் அறையில் கூடுவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1840களில் 'சை' என்ற எழுத்தில் முடியும் பெயருடைய 'கை சை' கழகத்தார் காட்டுக்குள் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு குடில் கட்டினார்கள். இக்கழகங்களின் முதல் வீடு என்று அதைச் சொல்வார்கள். ஏன் காட்டுக்குள் என்று கேட்கலாம். இரகசியச் சங்கங்கள் கூடாது என்பது அப்போது பல்கலைக்கழகத்தின் உத்தரவு. பிற்காலத்தில், மாணவர் தொகை பெருகியும் விடுதிகள் போதாத கல்லூரிகளில் இக்கழகங்களின் வீடுகளே பல மாணவர்களுக்குத் தங்குமிடமாயின. முதலில் மறைந்து கூடுவதற்கு அமைந்த வீடு, பின்னர் படுத்து உறங்குவதற்கான வீடு ஆயிற்று. இந்த இரண்டு குணமும் இன்றுவரை அவ்வீடுகளில் கலந்தே இருக்கின்றன.

வீடு யாருடையது?

புது வீடு என்றதும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கழகத்தின் வீடு பெரும்பாலும் அங்கே வசிக்கும் மாணவர்களுக்குச் சொந்தமானது அன்று. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து நடத்தும் தனி நிறுவனம் ஒன்று மனையை வாங்கும்; கடன் எடுத்துக் கட்டும் அல்லது பழுது பார்க்கும். மாணவர் கிளை அந்த நிறுவனத்துக்கு வாடகை கொடுக்கும். சில இடங்களில் வீடே பல்கலைக்கழகத்தினுடையது. வேறு சில இடங்களில் வெளியார் வீடு.

இதனால் வரும் விளைவைக் கவனியுங்கள். அறைகள் காலியாக இருந்தாலும் கடன் தவணை நிற்காது. ஆகவே உறுப்பினர்கள் குறிப்பிட்ட காலம் வீட்டில் தங்கியே ஆக வேண்டும் என்று பல கிளைகள் விதி வைத்திருக்கின்றன. பையனை அன்போடு "வா, வா" என்று அழைக்கும் அழைப்பில் நட்பும் இருக்கும். நிரப்ப வேண்டிய கட்டிலும் இருக்கும். நட்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தை மட்டும் முழுதும் படிக்க வேண்டும். வாடகை, சாப்பாட்டுச் செலவு, உறுப்பினர் சந்தா மூன்றும் தனித்தனியா என்று பார்க்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையால் கிளை மூடப்பட்டால் பருவத்தின் நடுவிலேயே வீட்டைக் காலி செய்ய நேரலாம். அப்போது முன்பணம் யார் கையில் இருக்கும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

நம்மவர் அமைத்த வீடுகள்

மாணவர் வீடு என்பது நமக்கு அந்நியமான கருத்தன்று. சென்னை மயிலாப்பூரில் 1905இல் ஏழு மாணவர்களுடன் ஒரு வாடகை வீட்டில் ராமகிருஷ்ணா மாணவர் இல்லம் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கொடுப்பதே அதன் நோக்கம். பல இடங்களில் நன்கொடை திரட்டி, 1921இல் சொந்தக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. பதினாறு ஆண்டு வாடகை வீட்டு வாழ்க்கைக்குப் பிறகு சொந்த வீடு!

இன்னொன்று கடல் கடந்த கதை. சேலத்தில் 1876இல் பிறந்த கே.டி. பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச்செயலாளர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். அவருடைய முயற்சியால் 1920இல் லண்டனில் இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் தோன்றின. நிறத்தைப் பார்த்து அறை இல்லை என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் மலிந்திருந்த காலம் அது. முதல் உலகப் போரின்போது நியூசிலாந்துப் படைவீரர்களுக்காகக் கட்டப்பட்ட 'ஷேக்ஸ்பியர் குடில்' என்ற தற்காலிகக் கொட்டகையில்தான் விடுதி ஆரம்பமாயிற்று. 1923இல் கவர் தெருவுக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அந்த இடம் அழிந்தது. போருக்குப் பின் 1950களில் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதுக் கட்டடம் எழுந்தது. இன்றும் இந்திய மாணவர்கள் அங்கே தங்குகிறார்கள்.

இவ்வளவு இடம் மாறியும் அது அழியாததற்குக் காரணம் என்ன? அந்தச் சங்கத்துக்கு வீட்டைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. ஊர் தெரியாமல் வந்து இறங்கும் பிள்ளைக்கு இடம் கொடுப்பதே அந்த வேலை. வேலை இருந்ததால், வீடு போனபோதெல்லாம் இன்னொரு வீடு தேடினார்கள்.

வாசல் யாருக்குத் திறக்கும்?

மயிலாப்பூரில் ஏழு பேருடன் இல்லம் தொடங்கிய மறு ஆண்டே, 1906 டிசம்பர் 4ஆம் நாள், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேறு ஏழு மாணவர்கள் ஒரு கழகம் அமைத்தார்கள். 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா' என்பது அதன் பெயர். அந்த எழுவரும் கறுப்பின மாணவர்கள். மற்ற கழகங்களின் வாசல் அவர்களுக்குத் திறக்காததால் தங்களுக்கென்று ஒன்றைத் தொடங்கினார்கள். பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங் இக்கழகத்தின் உறுப்பினரானார். வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்று பழைய கழகங்கள் சில எழுத்திலேயே வைத்திருந்த விதிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே ஒவ்வொன்றாக நீங்கின. இந்திய வம்சாவளி மாணவர்களும் பின்னர்த் தமக்கென்று கழகங்கள் கண்டார்கள். 1994இல் பிங்ஹாம்டனில் 'அயோட்டா நூ டெல்டா', 1998இல் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் 'டெல்டா எப்சிலன் சை' ஆகியவை தோன்றின.

இதைப் படிக்கும்போது அமெரிக்கரை மட்டும் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. "என்ன ஜாதி? சைவமா அசைவமா?" என்று கேட்ட பிறகே வாடகை சொல்லும் வீடுகளை நாம் அறிவோம். அக்கேள்வியைச் சந்தித்துத் திரும்பியவர்கள் நம் மர்பி டவுனிலும் இருக்கிறார்கள். வாசலில் நின்று அவமானப்பட்டவன், தனக்கு ஒரு வீடு கிடைத்ததும் அதே கேள்வியை அடுத்தவனிடம் கேட்கிறானா இல்லையா என்பதே சோதனை.

இரவில் யார் பொறுப்பு?

1996ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் அதிகாலை, வட கரோலினா மாநிலத்துச் சேப்பல் ஹில் நகரில் ஒரு கழக வீடு தீப்பற்றி எரிந்தது. ஐந்து மாணவர்கள் மாண்டனர். தீ மூண்டால் கூரையிலிருந்து தானாக நீர் தெளிக்கும் குழாய் அமைப்பு அந்த வீட்டில் இல்லை. அதன் பிறகே அவ்வூரில் இத்தகைய வீடுகளுக்கு அந்த அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. சுவரில் பூசிய புது வண்ணத்தைவிட இந்தக் குழாய் முக்கியம் என்பதைப் பெற்றோர் மறக்கக் கூடாது.

நெருப்பைவிடக் கொடியது மனிதர் செய்யும் கொடுமை. புதியவரை 'நம்மவர்' ஆக்குகிறோம் என்ற பெயரில் அளவில்லாமல் குடிக்க வைப்பதும், அடிப்பதும், இழிவுபடுத்துவதும் பல உயிர்களைப் பலிகொண்டன. 1997இல் எம்.ஐ.டி.யில் முதலாண்டு மாணவர் ஒருவர் ஒரு கழக வீட்டில் அளவுக்கு மீறிய மதுவால் உயிரிழந்தார். 2002 முதல் முதலாண்டு மாணவர்கள் வளாக விடுதியிலேயே தங்க வேண்டும் என்று அக்கல்வி நிலையம் விதித்தது. கல்லூரிகள் இத்தகைய கொடுமைகளைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 2024 டிசம்பரில் வந்தது. எந்தக் கழகம் குற்றம் செய்ததாக முடிவாயிற்று என்பதைப் பெற்றோர் கேட்டறிய இச்சட்டம் வழி செய்கிறது.

நம் நாட்டிலும் ராகிங் உண்டு. சிதம்பரத்தில் 1996இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதை அடுத்து, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் நாடு முழுவதுக்குமான விதிகளைக் கொண்டுவந்தது. இரண்டு நாடுகளிலும் நோய் ஒன்றே. பெரியவர்கள் உறங்கும் நேரத்தில், மூத்த மாணவர் சொல்வதே சட்டம் என்று ஆகிவிடும் வீட்டில் அந்த நோய் வளர்கிறது.

அக்கம்பக்கத்தார்

புது வீட்டுக்குப் போகும் கழகம் ஒரு தெருவுக்குள் நுழைகிறது. அங்கே முதியோர் இருப்பார்கள், கைக்குழந்தைகள் இருப்பார்கள். இரவு இரைச்சல், வண்டி நிறுத்துமிடம், குப்பை ஆகிய மூன்றும்தான் சண்டைக்கு வித்து. குடிபோகும் முன்பே வீடுவீடாகச் சென்று அறிமுகம் செய்துகொள்ளும் கிளை பாதிச் சண்டையைத் தவிர்த்துவிடும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இந்தப் பாடம் நன்கு தெரியும். அல்சூர் ஏரியருகே வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை 1991இலிருந்து திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில் பெங்களூரில் வள்ளுவரும், சில நாட்களில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரும் சிலையாகத் திறந்துவைக்கப்பட்டனர். நிலம் நம் கையில் இருந்தால் மட்டும் போதாது, பக்கத்து வீட்டாரின் மனமும் இசைய வேண்டும் என்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தோம்.

பேரனுக்கு எழுதிய கேள்விகள்

போ என்றோ போகாதே என்றோ நான் எழுதவில்லை. வயது வந்த பிள்ளை, அவனே முடிவு செய்ய வேண்டியவன். கீழ்க்கண்ட ஆறு கேள்விகளை அனுப்பினேன். மற்ற குடும்பங்களுக்கும் இவை பயன்படும்.

1. வீட்டின் சொந்தக்காரர் யார்? ஒப்பந்தம் எத்தனை மாதம்? இடையில் விலகினால் பணம் திரும்புமா?

2. தீயணைப்பு அமைப்பு உண்டா? ஒவ்வொரு அறையிலிருந்தும் வெளியேற இரண்டு வழி இருக்கிறதா?

3. இந்தக் கிளை மீது பல்கலைக்கழகம் எடுத்த நடவடிக்கைகள் என்ன?

4. வீட்டில் பொறுப்பான பெரியவர் யாராவது தங்குகிறாரா? நள்ளிரவில் ஆபத்து என்றால் யாரை அழைப்பது?

5. குடிக்க மாட்டேன், இறைச்சி உண்ண மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ மாதாகோயிலுக்கோ போவேன் என்று சொல்பவனுக்கு அங்கே மரியாதை உண்டா?

6. சென்ற ஆண்டு புதிதாகச் சேர்ந்தவனைத் தனியே சந்தித்து, சேர்ந்த முதல் மாதம் எப்படி இருந்தது என்று கேட்டாயா?

இவற்றில் ஆறாவதற்கே அதிக மதிப்பெண் கொடுப்பேன். தலைவர் வரவேற்பறையைக் காட்டுவார். கடைசியாகச் சேர்ந்தவன்தான் சமையலறையில் யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்பதையும், கதவு சாத்திய பிறகு நடப்பதையும் சொல்வான்.

மர்பி டவுனைச் சுற்றிலும் இன்று ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கங்களிலிருந்து படிக்கவும் வேலை தேடவும் வந்த பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்குகிறார்கள். அவர்களுக்குக் கிரேக்க எழுத்துப் பெயர் இல்லை. ஆனால் முன்பணம், மின்விசிறி, கேஸ் சிலிண்டர், வீட்டுக்காரர், புதிதாக வந்து சேரும் ஒருவன் எல்லாம் அங்கேயும் உண்டு. இந்த ஆறு கேள்விகளையும் அவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். மாணவர் விடுதிகளில் தங்கிப் படித்த அன்பர்கள், தாம் புதியவராக நுழைந்த முதல் மாதத்தில் தம்மை யார் எப்படி நடத்தினார்கள் என்பதை எழுதி அனுப்பினால், நம் இளைஞர்களுக்கு அது நல்ல பாடமாக அமையும்.