நற்செய்தி கேளாதோர் கதி யாது?

உலகில் பிறந்தோர் அனைவரும் ஒரே போதனையைக் கேட்டு வளர்ந்தவரல்லர். ஏசுநாதர் தோன்றுவதற்கு முன்னர்ப் பிறந்து மடிந்தோர் எண்ணிறந்தோர். அவர் தோன்றிய பின்னரும், அவர் பெயரே எட்டாத தேசங்களில் வாழ்ந்து மறைந்தோரும் எண்ணிறந்தோர். ஏசுவின் வாயிலாகவே மீட்பு உண்டெனின், இவர்களுடைய கதி யாது? இவ்வினா கிறிஸ்தவப் பெரியோர்களையே பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக வருத்தி வந்துள்ளது.

பௌத்தராகிய நாம் இதனை ஆராய வேண்டுவது ஏன்? நம் குடும்பங்கள் பலவற்றில் தாய் கிறிஸ்தவர், மகன் பௌத்தன். அக்காள் தேவாலயத்துக்குச் செல்கிறாள், தம்பி விகாரைக்கு வருகிறான். தன் பிள்ளை நரகத்துக்குப் போய்விடுவானோ என்று கலங்கும் தாயின் கண்ணீரை எதிரில் காண்பவர் நம்மவரே. அப்போது நம்மில் சிலர் அஞ்சுகின்றனர், சிலர் நகைக்கின்றனர். அச்சமும் ஏளனமும் அறியாமையிற் பிறந்தவை. ஆதலின், இவ்விஷயத்தில் கிறிஸ்தவர் கூறியது இன்னதென முதலில் தெளிவோம். பின்னர் நம் பகவனது அறம் கூறுவதையும் அதே நேர்மையுடன் நோக்குவோம்.

வினாவின் வேர்

புதிய ஏற்பாட்டிலேயே இவ்வினாவின் வேர் உள்ளது. மனிதர் மீட்படைய ஏசுவின் நாமமன்றி வேறு நாமம் அருளப்படவில்லை என்பது அப்போஸ்தலர் நடபடிகள் நான்காம் அதிகாரத்தின் கருத்து. கடவுள் எல்லா மனிதரும் மீட்கப்பட விரும்புகின்றார் என்பது தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் கருத்து. வேதப்பிரமாணம் பெறாத புறஜாதியாரின் உள்ளத்திலும் அப்பிரமாணம் எழுதப்பட்டுள்ளது, அவர் மனச்சாட்சியே அதற்குச் சான்று என்பது ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரக் கருத்து. இம்மூன்றையும் ஒருங்கே ஏற்பவருக்குச் சிக்கல் எழுவது இயல்பே. எல்லோரையும் மீட்க விரும்பும் கடவுள், பெரும்பாலோர் காதில் விழாத ஒரு நாமத்தோடு மீட்பைப் பிணைத்தது எவ்வாறு?

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜஸ்டின் என்பவர் பரந்த விடை ஒன்று கூறினார். ஏசுவில் வெளிப்பட்ட தெய்வ அறிவு அவருக்கு முன்னரே மனிதரிடை விதைக்கப்பட்டிருந்தது. அவ்வறிவின்படி வாழ்ந்த சாக்ரட்டீசு, ஹெராக்ளிட்டசு போன்ற கிரேக்க ஞானியரும் ஒருவகையில் கிறிஸ்தவரே என்பது அவர் கொள்கை. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரின் மேற்றிராணியாராயிருந்த சிப்ரியன், திருச்சபைக்குப் புறம்பே மீட்பில்லை என்றார். அவர் அதனைச் சொன்னது சபையைப் பிளந்து வெளியேறியவரை நோக்கியே. ஆனால் காலப்போக்கில் அக்கொள்கை அனைவர் மேலும் விரிந்தது. 1442ஆம் ஆண்டில் புளோரன்சு நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தின் ஆணை, புறச்சமயத்தார், யூதர், சபையைப் பிரிந்தோர் ஆகிய யாவரும் இறக்குமுன் சபையைச் சேராவிடின் நித்திய அக்கினிக்கே போவர் என்று விதித்தது.

இவ்வாணை பிறந்த காலத்தில் ஐரோப்பியர் பலர், நற்செய்தி உலகெங்கும் பரவிவிட்டது, ஏற்காதவர் வேண்டுமென்றே மறுத்தவர் என்று எண்ணியிருந்தனர். 1492இல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்ததும் அவ்வெண்ணம் தகர்ந்தது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக ஒரு சொல்லும் கேளாத மக்கட்கூட்டங்கள் இருந்தமை வெளிப்பட்டது. கேளாததை மறுத்தார் என்று எவ்வாறு குற்றஞ்சாட்டுவது?

ஜப்பானில் எழுந்த அழுகை

இவ்வினா ஏட்டை விட்டு மக்கள் நெஞ்சில் இறங்கிய இடம் ஜப்பான். நம் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே உழைத்த பிரான்சிஸ் சவேரியார், 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ககோஷிமாவில் இறங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் போதித்தார். அங்கே அவர் சந்தித்தவர் பௌத்தர். திரும்பியபின், 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் தாம் கண்டதை அவர் ஒளிக்காமல் எழுதியுள்ளார்.

புதிதாய்க் கிறிஸ்தவரான ஜப்பானியர், இறந்துபோன தம் தாய் தந்தையர், மனைவி மக்கள், முன்னோர் ஆகியோரின் நிலையைக் கேட்டனர். தானத்தாலோ ஜெபத்தாலோ அவர்களுக்கு உதவக்கூடுமா என வினவினர். நரகிற் சென்றவருக்கு உதவி ஒன்றுமில்லை என்பதே கிடைத்த விடை. அவர்கள் அழுதனர். தம் நண்பர் அவ்வாறு அழக் கண்டு தமக்கும் துயரம் உண்டானதாகச் சவேரியார் எழுதுகின்றார். கடவுள் நல்லவரெனின் இத்தனை காலம் எங்கள் நாட்டுக்கு ஏன் தம்மை அறிவிக்கவில்லை என்றும் அவர்கள் கேட்டனர். கொலை, களவு முதலியன தீயவை என்பதை எவரும் போதியாமலே மனிதர் அறிவர், அவ்வறிவு படைத்தவன் தந்ததே என்று அவர் மறுமொழி கூறினார்.

இதனை நாம் நகைப்பதற்காக எடுத்துக் கூறவில்லை. சவேரியார் கல்நெஞ்சர் அல்லர். தாம் உண்மையென நம்பியதை மறைக்காதவர். ஆயினும், ஒரு சமயத்தைத் தழுவும் நாளிலேயே தன் பெற்றோரை என்றென்றைக்கும் இழக்க நேரும் மனிதனின் துயரம் எத்தகையது என்பதை, சமயம் மாறி வந்த நாம் பிறரினும் நன்கு உணரக்கூடும்.

கதவு மெல்லத் திறந்த வரலாறு

கடுமையான கொள்கைக்கிடையிலும் கருணைக்கு வழிதேடியோர் இருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்குவினாஸ் தோமையார், காட்டில் விலங்குகளிடையே வளர்ந்த ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொண்டார். அவன் தன் இயற்கையறிவின்படி நன்மையை நாடித் தீமையை விலக்குவானாயின், கடவுள் அவனுக்கு உள்ளுணர்வால் உண்மையை உணர்த்துவார், அல்லது போதகர் ஒருவரை அனுப்புவார் என்றார். 1863இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர், தம் குற்றமின்றியே உண்மையை அறியாதிருந்து, இயற்கை அறத்தைக் காத்து வாழ்வோர் தெய்வ அருளால் நித்திய வாழ்வு அடையக்கூடும் என அறிவித்தார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரிலிருந்த லியோனார்டு பீனி என்னும் பாதிரியார் பழைய கடுமையையே வற்புறுத்தியபோது, 1949இல் ரோமாபுரி அவர் விளக்கம் தவறென எழுதியது. பணிய மறுத்தமையால் 1953இல் அவர் சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். சபைக்குப் புறம்பே மீட்பில்லை என்று வாதித்தவரே சபைக்குப் புறம்பாக நிற்க நேர்ந்தது! 1972இல் அவர் மீண்டும் சபையோடு ஒப்புரவானார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் இக்கொள்கையைத் தெளிவாக்கியது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவராயினும், நேர்மையான உள்ளத்தோடு தேடி, மனச்சாட்சி காட்டும் வழியில் அருளின் துணையால் நடப்போர் மீட்படையக்கூடும் என்பது அதன் போதனை. 1965இல் வெளிவந்த அறிக்கையொன்று பௌத்தத்தைப் பெயர் சொல்லி மதிப்புடன் குறிப்பிட்டது. எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. சபை இன்றியமையாததென அறிந்தும் அதனுட் புகவோ அதில் நிலைக்கவோ மறுப்போர் மீட்படைய இயலாது என்றும் அதே சங்கம் கூறியுள்ளது. அறியாதவருக்குத் திறந்த கதவு, அறிந்து விலகினவருக்குத் திறந்ததன்று. கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து வந்த நம்மவரைக் குறித்து அவர்தம் தாய்மார் கலங்குவதன் காரணம் இதுவே.

புரோட்டஸ்டண்டு சபைகளில் கருத்து ஒருமைப்படவில்லை. சுவிட்சர்லாந்தின் சுவிங்கிலி 1531இல் எழுதிய நூலில், சாக்ரட்டீசு முதலியோரை மோட்சத்தில் காணலாம் என்றார். லூத்தர் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். 1646இல் இயற்றப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, இயற்கையறிவின்படி எவ்வளவு கருத்தாய் வாழினும் கிறிஸ்தவரல்லாதார் மீட்படையார் என்றது. 1974இல் லோசான் நகரில் கூடிய சுவிசேஷகர், இயற்கையின் வாயிலாகக் கடவுளைப் பற்றிய அறிவு எல்லோருக்கும் உண்டு, ஆனால் அது மீட்காது என்றனர். இறந்தபின் நற்செய்தி கேட்க வாய்ப்புண்டு என்போரும், இறுதியில் எல்லோரும் மீட்கப்படுவர் என நம்புவோரும் கிறிஸ்தவருள் உளர்.

ஜெர்மானிய இறையியலார் கார்ல் ரானர், நல்வழியில் நிற்கும் பிற சமயத்தாரைப் பெயரில்லாக் கிறிஸ்தவர் என அழைத்தார். நிஷிதானி என்னும் ஜப்பானியப் பௌத்த அறிஞர், உங்களை நாங்கள் பெயரில்லாப் பௌத்தர் எனக் கொண்டால் என்ன சொல்வீர் என அவரைக் கேட்டார். உம் நோக்கில் அது தகும், நான் அதனைப் பெருமையாகவே கொள்வேன் என்றார் ரானர். இவ்விருவர் பேச்சின் பண்பு நாம் கற்கத்தக்கது.

நம் அறம் கூறுவது

இனி நம் பக்கம் திரும்புவோம். தம்மத்தைக் கேளாது மாண்டோர் கதி யாது என்று நம்மை ஒருவர் கேட்டால்? இவ்வினா பகவனது வாழ்விலேயே எழுந்துள்ளது.

போதியின்கீழ் மெய்யுணர்ந்தபின், இவ்வறத்தை முதலில் யாருக்கு உரைப்பது எனப் பகவன் எண்ணினார். தம் பழைய ஆசிரியர் ஆளார காலாமர் நினைவுக்கு வந்தார். அவர் இறந்து ஏழு நாள் ஆகியிருந்தது. பின் உத்தக இராமபுத்தர் நினைவுக்கு வந்தார். அவர் முந்தின இரவே இறந்திருந்தார். கேட்டிருந்தால் விரைவில் உணர்ந்திருப்பர், அவர்களுக்கு இது பேரிழப்பு எனப் பகவன் கருதியதாக அரியபரியேசன சூத்திரம் உரைக்கிறது. அவர் சொன்னது இழப்பு என்பதே. குற்றம் என்பதன்று, தண்டனை என்பதுமன்று. அவர்கள் தாம் பயின்ற தியானத்தின் பயனாக உயர்ந்த நிலைகளிற் பிறந்தனர் என உரைகாரர் கூறுவர்.

அங்குத்தர நிகாயம் மூவகை நோயாளரைக் காட்டுகிறது. ஒருவன் மருந்து பெறினும் பெறாவிடினும் பிழையான். ஒருவன் பெறினும் பெறாவிடினும் பிழைப்பான். மற்றொருவன் பெற்றால் பிழைப்பான், பெறாவிடின் பிழையான். அவ்வாறே ததாகதரைக் காணாமலே நன்னெறியிற் புகுவோரும் உளர். கேட்டால் மட்டுமே புகுவோரும் உளர். இம்மூன்றாமவர் பொருட்டே அறம் உரைக்கப்படுகிறது. அவர் பொருட்டு ஏனையோர்க்கும் உரைக்கப்படுகிறது.

இதனால், எல்லா வழியும் ஒன்றே என்று பகவன் கூறினார் என நாம் சொல்லலாகாது. எந்தப் போதனையில் அட்டாங்க மார்க்கம் இல்லையோ, அதில் மெய்த்துறவியர் இலர் என்று தம் இறுதி இரவில் சுபத்தருக்கு அவர் உரைத்தார். தம்மம் எட்டாத எல்லைநாட்டிற் பிறப்பதை நல்வாய்ப்பற்ற பிறப்புகளுள் ஒன்றாகவும் எண்ணினார். ஆகவே கேளாமை நமக்கும் சிறு பொருளன்று. வேறுபாடு இதுவே: பௌத்த அறத்தில் நரகமும் நித்தியமானதன்று; வினை தீர்ந்தவழி அதுவும் தீரும். ஒருவன் எப்பெயரைக் கேட்டான் என்பதால் அன்றி, என்ன நினைத்து என்ன செய்தான் என்பதால் அவன் பிறப்பு அமையும். இன்று கேளாதவன் பின்னொரு பிறவியிற் கேட்கக்கூடும்.

ஜப்பானியர் கேட்ட மற்றொரு கேள்வியையும் ஜானுசோணி என்னும் அந்தணர் பகவனிடம் கேட்டார்: இறந்தோர்க்குக் கொடுக்கும் தானம் அவரைச் சேருமா? பிரேத நிலையிற் பிறந்தவரைச் சேரும், நரகிலோ தேவருலகிலோ பிறந்தவரைச் சேராது என்பது விடை. அவ்வுறவினர் அங்கில்லாவிடின்? அங்குள்ள வேறு உறவினரைச் சேரும். கொடுத்தவனும் பயனின்றிப் போகான். பொய்யான ஆறுதல் இதில் இல்லை. ஆயினும் அன்பினாற் செய்த எதுவும் வீணாகாது. தம்மத்தை அறியாது மறைந்த நம் பாட்டன் பாட்டியர்க்காக நாம் செய்யும் தானத்துக்கும் பொருள் இதுவே.

நாம் ஒழுகும் முறை

நிகண்டரின் இல்லறத் தொண்டரான உபாலி பகவனைச் சரணடைந்தபோது, உமது இல்லம் நெடுங்காலமாக நிகண்டர்க்கு நீரூற்றாய் இருந்துள்ளது, அவர்க்கு உணவளிப்பதை நிறுத்தாதீர் என்றே பகவன் அறிவுறுத்தினார். புதிதாய் வந்தவனுக்கு அவர் தந்த அறிவுரை இது.

ஆகவே, கிறிஸ்தவத் தாய் தன் பௌத்த மகனுக்காக ஜெபித்தால் அவன் சினத்தல் தகாது. அக்கண்ணீர் அன்பிற் பிறந்தது. அன்பை நாம் எங்கு காணினும் வணங்குவோம். அவளை வாதத்தால் வெல்ல முயலாமல், பஞ்சசீலத்தில் வழுவாது அவளைப் பேணுவானாக. தன் மகன் கெட்டுப் போகவில்லை என்பதை நூல்கள் அவளுக்கு உணர்த்தா. அவன் ஒழுக்கம் உணர்த்தும்.

வகுப்பில் சிந்திக்க

1. சிப்ரியன் கூறியதற்கும் புளோரன்சு சங்கம் விதித்ததற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ஆளார காலாமர் இறந்ததைப் பகவன் இழப்பு எனக் கருதியதன் பொருள் யாது?
3. மூவகை நோயாளர் உவமையால், தம்மத்தைப் பிறர்க்கு உரைக்கும் நம் கடமை எவ்வாறு விளங்குகிறது?
4. வேற்றுச் சமயத்து உறவினரிடம் உபாலியைப் போல் நாம் நடந்துகொள்ளக்கூடிய வழிகள் எவை?