வேலைக்கேற்ற மின்கலம்

இராணிப்பேட்டை மாவட்டத்தில் சோளிங்கர் என்பதோர் ஊர் உண்டு. பெரிய மலை, சின்ன மலை என இரு மலைகள் அவ்வூரின் அருகே உயர்ந்து நிற்கின்றன. பெரிய மலைமீது யோக நரசிம்மரும், சின்ன மலைமீது யோக ஆஞ்சநேயரும் கோயில் கொண்டுள்ளனர். பெரிய மலைக்கு 1305 படிகள் உள்ளன. 2024-ஆம் ஆண்டு முதல் கம்பிவட ஊர்தியும் உண்டு. எனினும் படியேறிச் செல்வோர் இன்றும் பலர்.

மாணவன் ஒருவன் அப்படிகளில் ஏறுவதாகக் கொள்வோம். அவன் பாட்டியார் இளமையில் ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்றவர். இன்று நோயுற்றுப் படுக்கையில் இருப்பவர். “கண்ணா, மேலே நின்று சின்ன மலையைப் பார்ப்பது கண்கொள்ளாக் காட்சி. அதை இன்னும் ஒரு முறை காண ஆசையாக இருக்கிறது” என்றார் அவர்.

பேரன் ஒரு பழைய டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டான். கடையொன்றில் விலை மலிவான இரண்டு மின்கலங்களை வாங்கி அதனுள் இட்டான். வழியெங்கும் குரங்குகளையும் மண்டபங்களையும் படம் பிடித்துக்கொண்டே சென்றான். உச்சியை அடைந்ததும் சின்ன மலையை நோக்கிக் கேமராவை உயர்த்தினான். அதன் திரை ஒரு முறை மின்னி அணைந்தது. பாட்டியார் வேண்டிய படம் கிட்டவில்லை.

வருத்தத்தோடு வீடு திரும்பிய அவன், அம்மின்கலங்களுள் ஒன்றைச் சுவர்க் கடிகாரத்தில் இட்டுப் பார்த்தான். என்ன வியப்பு! கடிகாரம் ஓடத் தொடங்கியது. வாரங்கள் பல கடந்தும் நில்லாமல் ஓடிற்று. கேமராவில் செத்த மின்கலம் கடிகாரத்தில் உயிர் பெற்றது எவ்வாறு?

ஊற்று மெல்லச் சுரக்கும் கிணறு ஒன்றை எண்ணிப் பாருங்கள். குடங்குடமாக மொண்டால் அது நாள் முழுதும் நீர் தரும். மோட்டார் வைத்து இறைத்தாலோ சிறிது நேரத்தில் நீர் அற்றுவிடும். ஊற்று வற்றவில்லை, கேட்ட வேகத்தில் கொடுக்க அதனால் இயலவில்லை. மின்கலமும் அத்தகையதே. ஒவ்வொரு மின்கலத்தினுள்ளும் மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை ஓரளவு உண்டு. அதனை அகத்தடை என்பர். கடிகாரத்திற்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும். கேமராவோ திரையை ஒளிரச் செய்யவும், வில்லையை நகர்த்தவும், பளிச்சிடும் விளக்கிற்கு ஆற்றல் சேர்க்கவும் மிகுந்த மின்னோட்டத்தைக் கேட்கின்றது. அகத்தடை மிகுந்த கலத்தில் அப்பொழுது மின்னழுத்தம் தாழ்ந்துவிடும்; கேமரா தானே அணைந்துவிடும்.

இப்பசி கேமராவிற்குப் பிறவியிலேயே அமைந்தது. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் அமைத்த முதல் டிஜிட்டல் கேமராவிற்கு 16 நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் தேவைப்பட்டன.

இனி, மின்கல வகைகளைக் காண்போம். துத்தநாகக் கரிக்கலம் விலை குறைந்தது, கடிகாரத்திற்கு ஏற்றது, கேமராவிற்கு ஏலாதது. காரக்கலம் அதனினும் சிறந்தது. ஆயினும் மிகுந்த மின்னோட்டம் கேட்கும்பொழுது தன் கொள்ளளவில் ஒரு பகுதியையே தரும். இவை இரண்டும் 1.5 வோல்ட்டு உடையவை. நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலமோ 1.2 வோல்ட்டே உடையது. எண் சிறிதென்று இதனை ஒதுக்குவோர் உளர். ஆனால் இதன் அகத்தடை குறைவு; ஆற்றல் தீரும் வரையில் மின்னழுத்தம் பெரிதும் தளராது; பல நூறு முறை மீண்டும் மின்னேற்றலாம். சும்மா வைத்திருந்தாலும் ஆற்றலை இழப்பது இதன் குறை. அக்குறை மிகக் குறைந்த வகை 2005-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

ஒரு முறையே பயன்படும் லித்தியம் கலம் எடை குறைந்தது, குளிரிலும் உழைக்கும், விலைதான் மிகுதி. மீண்டும் மின்னேற்றத்தக்க லித்தியம் அயனிக் கலம் 3.7 வோல்ட்டு அளவினது. உருவம் ஒத்திருக்கின்றதே என்று அதனைச் சிறு கலத்தின் இடத்தில் இட்டால் கேமரா பழுதாகும். கேமராவிற்கெனக் குறிக்கப்பட்ட வகையையே வாங்குதல் வேண்டும்.

பழைய கலத்தையும் புதிய கலத்தையும் ஒருங்கே இடலாகாது. நெடுநாள் பயன்படுத்தாத கேமராவிலிருந்து கலங்களை எடுத்துவிடல் வேண்டும். இல்லையேல் அவை கசிந்து உட்பகுதியை அரிக்கும். மாற்றுக் கலங்களைச் சில்லறைக் காசுகளோடு சேர்த்துப் பையில் இடலாகாது. உலோகம் பட்டால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுச் சூடேறும்.

மின்கலங்களை ஆராயும் நிலையம் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் ஈந்த 300 ஏக்கர் நிலத்தில், 1948-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமே அது.

இவற்றையெல்லாம் கற்றறிந்த அம்மாணவன், நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலங்களை முதல் நாள் இரவே மின்னேற்றிக்கொண்டு மீண்டும் மலையேறினான். அன்று மாலை பாட்டியார் படத்தை நெடுநேரம் பார்த்திருந்தார். சின்ன மலைப் படிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

கடிகாரத்தில் பல வாரம் உழைத்த கலம் தீயதன்று. கேமராவிற்கு அதனைத் தேர்ந்ததே பிழை. விலையையும் எண்ணையும் மட்டும் நோக்காது, வேலையின் தன்மையை அறிந்து கருவியைத் தேர்வதே அறிவுடைமையாகும்.