எலுமிச்சைத் தளிரில் ஒரு வெள்ளிக் கோடு

டில்லியானாலும் மும்பையானாலும் நம்மவர் வீட்டு பால்கனியில் ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலை, இடமிருந்தால் ஓர் எலுமிச்சைத் தொட்டி இருக்கும். எலுமிச்சை புதுத் தளிர் விடும் நாட்களில் சில இலைகளில் நத்தை ஊர்ந்ததுபோல் வளைந்து வளைந்து ஒரு வெள்ளிக் கோடு தெரியும். சில நாட்களில் அந்த இலை சுருண்டு கோணிக்கொள்ளும். செடிக்கு ஏதோ நோய் என்று பயந்து நாமும் கடைக்குப் போய்ப் பூச்சிமருந்து வாங்கி வந்து அடித்துவிடுகிறோம். அதற்கு முன் அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று படித்துப் பார்ப்போமா? வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் அழைத்துக்கொள்ளுங்கள்.

யார் போட்ட கோடு?

அது நத்தையின் தடமும் அல்ல, நோயும் அல்ல. சின்னஞ்சிறு அந்துப்பூச்சி ஒன்றின் புழு இலைக்குள் வெட்டிய சுரங்கம் அது. வேளாண் துறையினர் இதை ‘இலைத்துளைப்பான்’ என்பார்கள். பூச்சியின் இறக்கைகளை விரித்து அளந்தாலும் 4 அல்லது 5 மில்லிமீட்டர்தான். ஓர் அரிசியின் நீளம்கூட வராது. வெள்ளி நிறம். முன்னிறக்கையின் நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. அந்தியிலும் இரவிலும் நடமாடுவதால் நம் கண்ணில் படுவது அரிது.

இதன் அறிவியல் பெயர் பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. கல்கத்தாவில் கிடைத்த பூச்சிகளைக் கொண்டு 1856-இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் இதை விவரித்துப் பெயரிட்டார். 1993-இல் இது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தை எட்டி, அங்குள்ள எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டக்காரர்களைக் கலங்க வைத்தது.

இதன் உறவினப் பூச்சிகள் சில ஐரோப்பாவில் ஓக் மர இலைகளுக்குள் இதே தொழிலைச் செய்கின்றன. ஆனால் ஓக் பூச்சி எலுமிச்சையைத் தொடாது. எலுமிச்சைப் பூச்சி ஓக் மரத்தை நாடாது. எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு, சாத்துக்குடி என்று ஒரே குடும்பத்துச் செடிகளையே இது தேடிப் போகும்.

கோட்டைப் படிக்கும் முறை

கோட்டின் மிக மெல்லிய முனையைத் தேடுங்கள். புழு பிறந்த இடம் அது. பெரும்பாலும் நடுநரம்பை ஒட்டி இருக்கும். தாய்ப்பூச்சி அங்கே தனித்தனியாக முட்டை இடுகிறது. பொரிந்த புழு வெளியே வராமல் நேரே இலையின் தோலுக்குள் நுழைகிறது. தட்டையான தாடைகளால் செல்களைக் கிழித்துச் சாற்றைக் குடித்தபடியே முன்னேறுகிறது. மேல்தோல் பிரிந்து அடியில் காற்றுப் புகுவதால் அந்தப் பாதை வெள்ளிபோல் மின்னுகிறது. நடுவே ஓடும் கரிய இழை, புழுவின் எச்சம். புழு வளர வளரப் பாதையும் அகலமாகிறது.

கோடு முடியும் இடத்தில் இலையின் ஓரம் மடிந்திருக்கும். அங்கே புழு நூல் நூற்று, இலையோரத்தை இழுத்து மடித்து, உள்ளே கூட்டுப்புழுவாக மாறுகிறது. முட்டையிலிருந்து பூச்சியாக வெளிவர நல்ல வெயில் காலத்தில் இரண்டு வாரம் போதும். குளிர்காலத்தில் ஏழு வாரம்வரை ஆகலாம்.

தளிர் வேறு, இலை வேறு

கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலையின் ஒவ்வொரு பருவத்திற்கும் தமிழில் தனிப் பெயர் உண்டு. வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் ‘இலை’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். இந்தப் பூச்சிக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்! அது முட்டையிடுவது மென்மையான தளிரில்தான். முற்றித் தடித்த இலையைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆகவே இலை முற்ற முற்ற ஆபத்தும் நீங்குகிறது.

மருந்து அடிக்கலாமா?

கோணலான இலை நம் கண்ணில் படும்போது, உள்ளே இருந்த பூச்சி அநேகமாகப் பறந்து போயிருக்கும். அப்போது அடிக்கும் மருந்தால் பயன் இல்லை. புழு தோலுக்குள் பத்திரமாக இருப்பதால் மேலே தெளிக்கும் பல மருந்துகள் அதை எட்டுவதும் இல்லை. ஆனால் இந்தப் புழுவைத் தேடி வந்து அதன்மேல் முட்டையிடும் நுண்ணிய குளவிகள் மருந்தில் மடிந்துவிடும். ஃபுளோரிடாவில் 1994-இல் இப்படிப்பட்ட ஒரு குளவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்டார்கள். நம் நாட்டிலும் இத்தகைய குளவிகள் உண்டு. தவிர, குழந்தைகள் விளையாடும் பால்கனியில், கறிவேப்பிலைக்குப் பக்கத்திலேயே நஞ்சைத் தெளிப்பது நல்லதா என்றும் யோசிக்க வேண்டும்.

வளர்ந்த செடி இந்தச் சேதத்தைத் தாங்கிக்கொள்ளும். சுருண்ட இலைகளைக் கிள்ள வேண்டாம். அவற்றின் பச்சைப் பகுதி இன்னும் செடிக்கு உணவு தயாரிக்கிறது. அடிக்கடி கிளை வெட்டுவதும் உரத்தை அள்ளிப் போடுவதும் புதுத் தளிரைத் தூண்டிப் பூச்சிக்கு விருந்து வைப்பதாகும்.

நாற்றுகளுக்கும் இளஞ்செடிகளுக்கும் மட்டும் கவனம் தேவை. அவற்றில் வளர்ச்சி குன்றும். மழைக்காலத்தில் சுரங்கக் காயங்களின் வழியே சொறிநோய்க் கிருமியும் நுழையலாம். அவற்றுக்கு, 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, தளிர் விடும் சமயத்தில் மாலை வேளையில் தெளிக்கலாம்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. கோடு போட்ட ஓர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புழு பிறந்த இடம், நடந்த வழி, தங்கிய அறை மூன்றையும் அடையாளம் காணுங்கள்.

2. ஒரு நூலைக் கோட்டின்மேல் வைத்து, பிறகு அளவுகோலில் நீட்டி அளந்து, அந்தப் புழு எத்தனை சென்டிமீட்டர் பயணம் செய்தது என்று எழுதுங்கள்.

3. மடிந்த ஓரத்தை மெல்லப் பிரியுங்கள். வெறும் கூட்டுத்தோல் இருந்தால் பூச்சி வெளியேறிவிட்டது என்று பொருள்.

4. இலையின் ஓரம் கடிபட்டிருந்தால் அது வேறு கதை. பறவை எச்சம் போன்ற ஒரு புழு அருகில் இருக்கும். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. கறிவேப்பிலையிலும் தேடிப் பாருங்கள்.

5. கொழுந்து முதல் சருகு வரை ஐந்து பருவ இலைகளையும் ஒரு நோட்டில் ஒட்டி, கீழே அவற்றின் தமிழ்ப் பெயர்களை எழுதி வையுங்கள்.