தெப்பத்தில் ஒரு முதியோர் பள்ளி

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று கேட்கிறது நம் பழமொழி. முதியோருக்கு எழுத்தறிவிக்கப் புறப்பட்டவர்கள் அதைப் பொய்யாக்கிக் காட்டினர். ஆனால் எழுத்தறிந்த முதியோருக்கும் ஒரு கல்வி தேவைப்படுகிறது. தாம் பருகும் நீர் எம்மலையிலிருந்து வருகிறது என்பதை அறியாதவர் பட்டம் பெற்றோருள்ளும் பலர் அல்லரோ? அவர்களுக்கேற்ற பள்ளி ஒன்று பரம்பிக்குளத்தில் இருக்கிறது.

பாலக்காட்டு மாவட்டத்து முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது பரம்பிக்குளம். வண்டியில் செல்வோர் தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகச் சுற்றியே அங்குச் சேர்கின்றனர். இக்காட்டை மனிதன் முதலில் மரமாகப் பார்த்தான். தேக்கு மரங்களைச் சாலக்குடிக்கு இறக்கக் கொச்சி அரசு அமைத்த டிராம் வண்டி 1907-இல் ஓடத் தொடங்கியது. பின்னர் நீராகப் பார்த்தான். 1960-களில் பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் அணை எழுந்தது. 1970-இல் இரு மாநிலங்களும் உடன்படிக்கை செய்துகொண்டன. காடர் குடிகள் சில இடம்பெயர நேர்ந்தது. புலிகள் காப்பகமாகிவிட்ட இன்றோ, காட்டைப் பாடமாகப் பார்க்கக் கற்று வருகிறோம்.

அப்பாடம் நடைபெறும் இடம் மூங்கில் தெப்பம். மூங்கிலின் கணுக்களுக்கு இடையே காற்று அடைபட்டுள்ளது. அதனால் அது நீரில் எளிதில் மிதக்கிறது. ஒரு கணுவிடையில் நீர் புகுந்தாலும் மற்றவை தாங்கும். தெப்பத்திற்கு எந்திரம் இல்லை. ஆதலின் எண்ணெய்க் கசிவும் இல்லை, இரைச்சலும் இல்லை. விலங்குகள் அஞ்சி ஓடுவதும் குறைவு. கரையில் முதலை வாயைத் திறந்தபடி வெயில் காயும். பசியால் திறந்ததென்று எண்ணுவோம். அன்று, மிகுந்த உடல் வெப்பத்தை அது வெளியேற்றுகிறது.

இவ்வுண்மைகளைச் சுட்டிக்காட்டுவோர் துடுப்புப் பிடிக்கும் காடரும் மலசரும் போன்ற மலைமக்களே. அவர்கள் பிறந்து வளர்ந்த காடு அது. எனினும் பயணிகளுள் பலர் அவர்களை ஓடக்காரராக மட்டுமே கருதுகின்றனர். ஆசிரியரை அறியாத வகுப்பில் பாடம் ஏறுமா?

தெப்பத்தைத் தாங்கும் நீரின் வழியையும் அறிதல் வேண்டும். அது சுரங்கம் வழியே தூணக்கடவு செல்கிறது. மற்றொரு சுரங்கம் வழியே சர்க்கார்பதி சென்று மின்சாரம் தருகிறது. பின்னர்க் கால்வாயில் ஓடித் திருமூர்த்தி அணையை அடைந்து கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களை நனைக்கிறது. பெய்த மழையை மண்ணில் நிறுத்திச் சிறுகச் சிறுக விடுவது காடு. காடு அழிந்தால் மண் கரைந்து அணையில் படியும். அணை கொள்ளும் நீர் குறையும். ஆகவே இங்கு ஒரு மரம் வீழ்வது சமவெளி உழவனுக்கும் இழப்பேயாகும்.

முதியோர் மனம் மாறுமோ எனும் ஐயம் எழலாம். இடுக்கி மாவட்டத்துத் தேக்கடியை நோக்குக. அங்கே காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்துவந்தோர் 1990-களில் அத்தொழிலை விட்டுக் காவலரும் வழிகாட்டிகளும் ஆயினர். காட்டைக் காத்தே பிழைக்கலாம் என்ற நிலை வந்தபோது வளர்ந்த மனிதரும் வளைந்தனர்.

அடுத்த விடுமுறையில் பரம்பிக்குளம் செல்லும் நண்பர்கள் தம் பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்க. துடுப்புப் பிடிப்பவரை ஆசிரியராக மதித்து வினவுக. ஊர் திரும்பியதும், வீட்டுக் குழாயைத் திறக்கும்போது அவர் சொன்னதை நினைவு கூர்க. அதுவே அப்பள்ளியின் தேர்வு.